வளைகுடாவில் டீச்சர் வேலை, ராயபுரத்தில் கிறிஸ்துமஸ்: ஆகஸ்டிலேயே ஆரம்பிக்க வேண்டிய வேலைகள்

முதல் வருடம் ஷார்ஜாவுக்கு வேலைக்கு வந்தபோது, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவதை நான் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. நாலு மணி நேர விமானம்தானே, டிசம்பர் பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். டிசம்பர் பிறந்தது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த 24ஆம் தேதி இரவு பத்தரைக்கு, ராயபுரம் புனித இராயப்பர் கோயில் வாசலில் நின்று தம்பி போனில் காட்டிய நடுராத்திரிப் பூசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே பத்தரை என்றால் சென்னையில் பன்னிரண்டு. பாதியில் அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அம்மா அனுப்பிய பலகாரப் பெட்டி என் கைக்கு வந்தது ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று.

காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்திலிருந்து இந்த வருடம் அமீரகத்துப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சவுதி, குவைத், ஓமன் விதிகள் வேறு. அங்கே இருப்பவர்கள் தேதிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. லீவை எழுத்தில் வாங்குங்கள் (ஆகஸ்ட் கடைசி)

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரமே கேட்டுவிடுங்கள். கிறிஸ்துமஸ் இங்கே அரசு விடுமுறை இல்லை. ஆனால் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை டிசம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை போவதால் 25ஆம் தேதி அதற்குள் வந்துவிடும். போன முறை 2025 டிசம்பர் 8 முதல் 2026 ஜனவரி 4 வரை விட்டார்கள். ஒவ்வொரு வருடமும் தேதி மாறும், உங்கள் பள்ளி சுற்றறிக்கையைப் பாருங்கள்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு விட்ட லீவு டீச்சருக்கும் விட்ட லீவு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது எடுப்பவர்களை சிறப்பு வகுப்புக்கும் முன்தேர்வுத் தாள் திருத்தவும் கூப்பிடுவார்கள். ஜனவரியில் செய்முறைத் தேர்வு வேறு நிற்கும். நான் பன்னிரண்டாவதுக்குக் கணக்கு எடுத்தேன். மேற்பார்வையாளர் வாய்வார்த்தையாக “போய்ட்டு வாங்க மிஸ்” என்றார். நவம்பர் கடைசியில், டிசம்பர் 20ஆம் தேதி வரை வகுப்பு உண்டு என்று சுற்றறிக்கை வந்தது. அவரிடம் போய்க் கேட்டால், அவர் சொன்னது அவருக்கே ஞாபகமில்லை. அதனால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் மின்னஞ்சலில் வரட்டும். கிளம்பும் தேதி, திரும்பும் தேதி இரண்டையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒரு டிக்கெட் என்று போட்டிருந்தால் அதைப் பெரும்பாலும் கோடை விடுமுறைக்குத்தான் தருவார்கள். டிசம்பர் செலவு உங்கள் சொந்தப் பை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

2. டிக்கெட் (செப்டம்பர் நடுவுக்குள்)

என்னோடு வேலை பார்க்கும் பெரம்பூர்க்காரர் ஒருவர் செப்டம்பரில் போக, வர 950 திர்ஹத்துக்கு வாங்கினார். டிசம்பர் 3ஆம் தேதி நான் பார்த்தபோது அதே பயணம் 2,400. போகும் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஜனவரி 2, 3, 4 தேதிகளில் எல்லா டீச்சரும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் திரும்புகிறார்கள், திரும்பும் டிக்கெட்தான் கழுத்தை அறுக்கும். புது வருடப் பூசை முடிந்ததும் 1ஆம் தேதி ராத்திரியே கிளம்பினால் கொஞ்சம் குறையும். அம்மா முகம் சுண்டும், அதற்கு என்னிடம் வழியில்லை.

மலிவாகத் தெரியும் டிக்கெட்டில் பெட்டி எடை எவ்வளவு என்று பாருங்கள். சிலவற்றில் கைப்பை மட்டும்தான். பிறகு விமான நிலையத்தில் கிலோ கணக்கில் கட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும்.

டிசம்பர் நம் ஊரில் மழைக்காலம் என்பதை இங்கே ஏசிக்குள் உட்கார்ந்திருக்கும்போது மறந்துவிடுகிறோம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 24ஆம் தேதி காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். இரண்டு நாளாவது கையிருப்பு இருக்கட்டும்.

இறங்கிய பிறகு வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நீல வழித்தடம் நேராக வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை போகிறது, 50 ரூபாயைத் தாண்டாது. ஆனால் காலை 5 மணிக்குத்தான் முதல் வண்டி. வளைகுடா விமானங்களில் பாதி நடுராத்திரிக்கு மேல்தான் இறங்கும். இரண்டு பெட்டியும் ஒரு பிள்ளையும் கூட இருந்தால் பேசாமல் டாக்ஸி பிடித்துவிடுங்கள்.

3. பாஸ்போர்ட்டும் எமிரேட்ஸ் ஐடியும் (செப்டம்பர்)

உங்கள் பாஸ்போர்ட்டில் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்க வேண்டும். நம்முடையதை எல்லோரும் பார்ப்போம், பிள்ளையுடையதைப் பார்க்க மாட்டோம். பெரியவர்களுக்குப் பத்து வருடம், சிறு பிள்ளைகளுக்கு ஐந்தே வருடம். புதுப்பிக்கச் சில வாரம் ஆகும், நவம்பரில் கண்டுபிடித்தால் நேரம் போதாது.

பாஸ்போர்ட்டை வேலை கொடுப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது இந்த நாட்டுச் சட்டப்படி தவறு. “பத்திரமாக இருக்கும்” என்று அலுவலகத்தில் கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள். 2022க்குப் பிறகு பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் நீங்கள் இங்கே வசிப்பவர் என்பதற்கு அத்தாட்சி. அந்த அட்டையை இங்கே வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போனால் திரும்பும்போது சென்னை கவுண்டரில் வியர்க்கும். புதிதாகச் சேர்ந்து அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றால், பள்ளி அலுவலகத்தை அக்டோபரிலிருந்தே நச்சரியுங்கள்.

4. துணி (தீபாவளி முடிந்ததும்)

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல்காரர்கள் நவம்பர் பாதியிலேயே “கிறிஸ்துமஸ் ஆர்டர் முடிஞ்சுது” என்று சொல்லத் தொடங்குவார்கள். தீபாவளி வேலை ஓய்ந்த கையோடு கொடுத்துவிட வேண்டும். அம்மாவும் அக்காவும் எம்.சி. ரோட்டில் துணி எடுப்பதாக இருந்தால் வாரநாள் காலையில் போகச் சொல்லுங்கள். ஞாயிறு சாயங்காலம் அந்த ரோட்டில் துணியைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம்.

அளவு ஜாக்கெட் விஷயத்தில் நான் பட்டது இது. வீட்டில் கிடந்த என் பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து அம்மா மூன்று ஜாக்கெட் தைத்து வைத்திருந்தாள். ஷார்ஜாவில் இருந்த நாட்களில் நான் இரண்டு அங்குலம் பெருத்திருந்தேன். நடப்பது நின்று, கார், லிஃப்ட், குப்பூஸ் ரொட்டி என்று ஆனால் எல்லோருக்கும் இதுதான். டேப் வைத்து இப்போதைய அளவை எடுத்து அனுப்புங்கள். உள்ளே துணி விட்டுத் தைக்கவும் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் பிரித்துவிடலாம்.

5. பார்சல் (நவம்பர் முதல் வாரத்துக்குள்)

ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு இந்தப் படிதான் முக்கியம். நான் அதிகம் அடிபட்டதும் இதில்தான்.

முதலில் முகவரி. நம் ஊரில் கதவு எண், தெரு, பின்கோடு எழுதினால் தபால்காரர் வீட்டுக்கு வருவார். அமீரகத்தில் தபால் என்றால் தபால் பெட்டி எண்தான், பள்ளியின் பெட்டி எண்ணைத்தான் பெரும்பாலோர் கொடுக்கிறோம். அதோடு உங்கள் கைபேசி எண்ணை 971இல் தொடங்கி முழுதாக எழுத வேண்டும். அம்மா பெட்டி எண் எழுதினாள், கைபேசி எண் எழுதவில்லை. பார்சல் பள்ளி அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. பள்ளியோ பூட்டிக்கிடக்கிறது. அது வந்ததை எனக்குச் சொல்ல ஆளில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி என் பலகாரம் இருட்டில் இருந்தது, நான் சூப்பர் மார்க்கெட்டில் கேக் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே தபாலில் அனுப்பினால் பள்ளி மூடுவதற்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். நவம்பர் முதல் வாரம் சரியாக இருக்கும். கூரியர் என்றால் வீட்டு முகவரி கொடுக்கலாம். துபாயில் இருப்பவர்கள் கட்டட வாசலில் ஒட்டியிருக்கும் பத்து இலக்க மக்கானி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள், வண்டிக்காரர் சுற்றாமல் வருவார்.

அடுத்து, எங்கே அனுப்புவது. வடசென்னைக்குக் கைக்கெட்டும் தூரம் ராஜாஜி சாலை ஜிபிஓ (தலைமைத் தபால் நிலையம்), கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். அனுப்புபவரின் அடையாள அட்டையும் அதன் நகலும் வேண்டும். சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக, எடையோடும் மதிப்போடும் எழுத வேண்டும். “பலகாரம்” என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் திருப்பிக் கேட்பார்கள். முறுக்கு 1 கிலோ, கல்கல் 1 கிலோ, சட்டை 2 என்று எழுதுங்கள். பெட்டியை வீட்டிலேயே டேப் சுற்றி மூடிக்கொண்டு போகாதீர்கள், திறந்து காட்டச் சொல்வார்கள்.

தனியார் கூரியரில் எடை என்பது தராசு காட்டும் எடை மட்டும் அல்ல. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். அதில் வருவதும் தராசு எடையும், எது பெரிதோ அதற்குத்தான் காசு. நாற்பதுக்கு நாற்பதுக்கு நாற்பது பெட்டி என்றால் 64,000, வகுத்தால் 12.8 கிலோ. உள்ளே அச்சு முறுக்கு ஐந்து கிலோதான் இருக்கும், காற்றுக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். சின்னப் பெட்டியில் நெருக்கி அடுக்கச் சொல்லுங்கள்.

எதை அனுப்பலாம்? கல்கல் அனுப்பலாம், கல்லு மாதிரி வந்து சேரும். கை முறுக்கு பரவாயில்லை. அச்சு முறுக்கு பிஸ்கட் டின்னில், அடுக்குக்கு ஒரு காகிதம் வைத்தால்தான் பிழைக்கும். எனக்கு வந்த பெட்டியைத் திறந்தபோது மேலே இரண்டு பூ முழுசாக இருந்தன, கீழே எல்லாம் ரவை. அதைக் கரண்டியால் அள்ளி ஒரு வாரம் பாலில் போட்டுச் சாப்பிட்டேன். அதிரசம் பூஞ்சை பிடிக்கும். சுழியனை நினைக்கவே வேண்டாம். நட்சத்திரம் வேண்டுமென்றால் பாரிமுனையில் மடித்து வைக்கிற காகித நட்சத்திரம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், எடையே இல்லை. பல்பும் ஒயரும் இங்கேயே வாங்கலாம், பிளக் மாதிரியும் பொருந்தும்.

6. வீட்டுக்குப் பணம்

டிசம்பர் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். 2026இல் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை, 26 நான்காவது சனி, 27 ஞாயிறு. மூன்று நாள் தொடர்ந்து வங்கி மூடியிருக்கும். 24ஆம் தேதி சாயங்காலம் அனுப்பிவிட்டு, பணம் ஏறவில்லை என்று வீட்டில் எல்லோரையும் பதறவிட வேண்டாம். கறிக்கடைக்குப் பணமாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அதை முன்னாடியே எடுத்து வைக்கவும் சொல்லுங்கள்.

7. இங்கேயே இருந்தால்

துபாயில் ஊத் மேத்தாவில் புனித மரியாள் கோயில், ஜெபல் அலியில் அசிசி புனித பிரான்சிஸ் கோயில், ஷார்ஜாவில் புனித மிக்கேல் கோயில். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் பலர் துபாய் ஹோலி டிரினிட்டி வளாகத்தில் கூடுகிறார்கள். பல மொழிகளில் ஆராதனை நடப்பதால் தமிழுக்குக் கிடைக்கும் நேரம் நடுராத்திரியாக இல்லாமலும் இருக்கலாம். அட்டவணை டிசம்பரில் வரும், உங்கள் கோயிலின் தமிழ்க் குழுவில் கேட்டுவிடுங்கள். 24 இரவு காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பூசை முடிந்துவிடும். ஊத் மேத்தாவுக்கு மெட்ரோ இருக்கிறது.

நம் பேட்டையில் டிசம்பர் பிறந்தால் டிரம்மும் தொப்பித் தாத்தாவுமாக வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் வரும், உண்டியலும் கூட வரும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். வழிபாடும் பாட்டும் கோயில் வளாகத்துக்குள் இருக்கட்டும். பணம் திரட்டுவது அதைவிடச் சிக்கல். உரிமம் பெற்ற அமைப்புகளைத் தவிர யாரும் நன்கொடை வசூலிக்கக் கூடாது, அபராதம் லட்சக்கணக்கான திர்ஹம். “அநாதை இல்லத்துக்கு ஆளுக்கு இருபது திர்ஹம்” என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நல்லெண்ணத்தோடு போடுவதும் இதில் சேரும். கொடுக்க நினைப்பவர்கள் கோயிலில் கொடுக்கலாம். வகுப்பில் வசனம் அச்சடித்த வாழ்த்து அட்டை கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள், சாக்லெட் போதும்.

கேக்குக்கு ரம்மில் பழம் ஊறவைப்பவர்களுக்கு: ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. துபாயில் வாங்கி காரில் எடுத்துவரலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஆரஞ்சுச் சாற்றிலோ கறுப்புத் திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ரம்மில் ஊறினது போல மாதக்கணக்கில் வைக்க முடியாது, சுடுவதற்கு நாலைந்து நாள் முன்னால் போட்டால் போதும். பெரம்பூர் ஆன்ட்டி வீட்டுக் கேக் மாதிரி வராது. ஆனாலும் டீச்சர்ஸ் ரூமில் டப்பா ஐந்து நிமிடத்தில் காலி.

8. ஊருக்கு எடுத்துப் போகும் பெட்டி

பேரீச்சம்பழம், பால் பவுடர், கோடாலி தைலம், சாக்லெட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். தங்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று டீச்சர்ஸ் ரூமில் எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்தவர்களுக்கு. ஏப்ரலில் சேர்ந்து டிசம்பரில் போகும் புது டீச்சருக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கும், அந்தச் சலுகை கிடையாது. சலுகையும் நகைக்குத்தான், காசுக்கும் பிஸ்கட்டுக்கும் இல்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஊரிலிருந்தே போட்டுவந்த நகையைக் கிளம்பும் முன்பு போட்டோ எடுத்து வைத்திருப்பதும் நல்லது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டியில் வைத்தால் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

9. திரும்பி வரும் பெட்டி

இரண்டாம் வருடம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா ஒரு கிலோ கறி மசாலா, மிஷினில் அரைத்து, இரண்டு கவர் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். பெட்டியில் வைக்கப் போகிற நேரத்தில் ஏதோ தோன்றி, “இதுல இன்னாம்மா போட்ட?” என்று கேட்டேன். மிளகாய், தனியா, சோம்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், “கொஞ்சம் கசகசா” என்றாள்.

கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். நமக்கு அது குருமாவுக்கான சாமான், இங்கே போதைப்பொருள் சட்டத்தில் வரும். தனியாக எடுத்துவந்தாலும், பொடியில் கலந்திருந்தாலும் மாட்டினால் பதில் சொல்ல முடியாது. மசாலா அரைக்கும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள், அரைத்த பிறகு பிரித்தெடுக்க முடியாது. கடைப் பொடி என்றால் பாக்கெட்டில் பொருள் பட்டியலைப் படியுங்கள். வெற்றிலையும் பான் பொருட்களும் இதே பட்டியல்தான், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக் கைப்பையில் மறந்துவிடாதீர்கள்.

கொப்பரைத் தேங்காயை நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், தீப்பிடிக்கும் பொருள் என்று. ஊறுகாய், நெய் எல்லாம் பெரிய பெட்டியில்தான், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் கோடீன், டிரமடால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அனுமதி இல்லாமல் எடுத்துவராதீர்கள். மற்ற மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும்.

அந்த ஒரு கிலோ மசாலாவைத் தண்டையார்பேட்டை அக்கா எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அம்மா கசகசா இல்லாமல் அரைக்கிலோ அரைத்து, கவர் மேலே பால்பாயின்ட் பேனாவால் “க இல்லை” என்று எழுதிக் கொடுத்தாள். இப்போதும் ஒவ்வொரு கவரிலும் அப்படித்தான் எழுதி அனுப்புகிறாள்.